வேறு பிரதி உண்டா

அப்படி எழுதாதீங்கம்மா. ஹார்ட் டிஸ்க் பழுதுன்னு எழுதினா அது பொய். அந்த டிஸ்க் மேல ஒரு குத்தமும் இல்ல. பத்து வருஷமா சொன்ன வேலையைச் செஞ்சுச்சு. கடைசியா நான் சொன்ன வேலையையும் மறுபேச்சு இல்லாம செஞ்சுச்சு, அதனாலதான் இப்ப உங்க கடையில, மேஜை மேல கிடக்கு. பழுதுங்கிற கட்டத்துல ஆள்னு போடுங்க. ஒரே வார்த்தை, இடமும் மிச்சம்.

சிரிங்க, பரவால்ல. நாலு நாளா என் வீட்டுல யாரும் சிரிக்கல. நான் ஒருத்தன்தான் இருக்கேன், அதனால அது பெரிய புள்ளிவிவரம்னு சொல்ல முடியாது.

இந்த ஃபாரத்துல ரெண்டு தப்பு இருக்கு, சொல்லவா? சரி, வேலை முடியட்டும், அப்புறம் சொல்றேன். முப்பத்தோரு வருஷம் அச்சகத்துல புரூஃப் பாத்தவன்மா நான். ஆள் ரிட்டையர் ஆனாலும் கண்ணு ரிட்டையர் ஆகல. மருந்து அட்டை, பஸ்ல ஒட்டின நோட்டீஸ், எதையும் சும்மா படிக்க வராது. போன மாசம் பல் டாக்டர்கிட்ட போயிருந்தேன். அவர் சுவத்துல மாட்டின படத்துல கடைவாய்ப் பல்லுக்கும் முன்பல்லுக்கும் பேர் மாறிக் கிடந்துச்சு. அவர் ரெண்டு கையையும் என் வாய்க்குள்ள விட்டிருக்கும்போதே சொல்லப் பாத்தேன். வலிக்குதாக்கும்னு இன்னொரு ஊசி போட்டுட்டார்.

என்னது? வேறு பிரதி உண்டா, ஆம், இல்லை. ஆமா, அந்தக் கட்டத்தைப் பாத்தேன். அதை இப்போதைக்குக் காலியா விட்டு வைங்க. மறந்துட்டுச் சொல்லல, வேணும்னேதான் சொல்றேன். கடைசியில வர்றேன் அதுக்கு.

லேப்டாப் என்னோடது இல்ல. என் வீட்டுக்காரியோடது. ரத்தம் பரிசோதிக்கிற இடத்துல இருபத்தாறு வருஷம் மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சவ. கண்ணாடித் துண்டுல ஒரு சொட்டு ரத்தத்தைப் பாத்துட்டு இந்த ஆள் சரியாத் தூங்கறதில்லன்னு சொல்லுவா. அது பரிசோதனையில வராது, சும்மா சொல்லுவா, ஆனா சரியா இருக்கும். வேலைய விட்டதும் கதை எழுத ஆரம்பிச்சா. ஆறு வருஷமா ஒரே கதை. மத்தியானம் ரெண்டு மணியிலருந்து நாலு மணி வரைக்கும், சாப்பாட்டு மேஜையில ஜன்னல் பக்கத்து நாற்காலி. நான் தண்ணி குடிக்க அந்தப் பக்கம் போனா மூடியைப் பாதி இறக்கிடுவா. முழுசா மூட மாட்டா. பாதிதான். முழுசா மூடினா சண்டை போட்ட மாதிரி இருக்கும், மூடாம விட்டா நான் எட்டிப் பாப்பேன். பாதிங்கிறது அவ கண்டுபிடிச்ச அளவு.

நான் படிக்கவே கூடாதுன்னு ஒரு விதி. உங்ககிட்ட குடுத்தா கதை திரும்பி வராது, திருத்தம்தான் திரும்பி வரும்னு ஒரு தடவை சொன்னா. நான் அதுக்கு, நல்ல வாக்கியம், ஆனா ரெண்டு இடத்துல திரும்பி வருதே, ஒண்ணை எடுத்துடலாமேன்னு சொன்னேன். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுச்சு.

அந்தக் கதைதான் வேணும். போட்டோ, கரண்ட் பில்லு, ஏதோ சமையல் வீடியோ, அதெல்லாம் போனா போகட்டும். ஒரே ஒரு ஃபைல். பேர் கதைன்னு இருக்கும். வெறும் கதை. தலைப்பு இன்னும் வைக்கல அவ.

எப்படி ஆச்சுன்னா, இந்த லேப்டாப் ரொம்ப மெதுவும்மா. பட்டனை அமுக்கிட்டு அவ ஒரு பக்கெட் துணியைக் காயப் போட்டுட்டு வருவா. அப்பவும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். பழைய டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டின்னு ஒரு வேகமான டிஸ்க் போட்டா பழைய லேப்டாப் புதுசு மாதிரி ஓடும்னு எங்கேயோ படிச்சேன். சரி, நாமளும் வாழ்க்கையில ஒரு நல்ல காரியம் செய்வோமேன்னு போய் வாங்கினேன். எஸ்எஸ்டி ஒண்ணு, இன்னொரு டிஸ்க்கை வெளிய வச்சு வயர்ல மாட்டறதுக்கு ஒரு கேஸ், ஒரு டிஸ்க்குல இருக்கிறதை இன்னொண்ணுக்கு அப்படியே நகல் எடுக்கற புரோகிராம் ஒரு சிடியில, பொம்மைக்குச் செஞ்ச மாதிரி குட்டிக் குட்டி ஸ்குரூடிரைவர். கூடவே எட்டுப் பக்கத்துல ஒரு கையேடு.

அந்தக் கையேட்டுலதான் என் தலையெழுத்து இருந்துச்சு. யாரோ வேத்து மொழியிலருந்து, அதுவும் பசியோட உக்காந்து மொழிபெயர்த்திருக்கான். திருகாணியை மகிழ்ச்சியுடன் கழற்றவும்னு போட்டிருந்துச்சு. சத்தியமா. கொண்டு வந்திருக்கேன், பாக்கறீங்களா? நான் பென்சிலைச் சீவிக்கிட்டு உக்காந்துட்டேன். யாரும் கேக்கல, யாருக்கும் திருப்பி அனுப்பப் போறதில்ல, இருந்தாலும் நாப்பத்து மூணு திருத்தம் போட்டேன். அதுல நாப்பத்து ரெண்டு சரி.

ஆறாவது படியைப் படிங்க. புது டிஸ்க்கை லேப்டாப்புக்குள்ள மாட்டவும், பழைய டிஸ்க்கை வெளிய கேஸ்ல மாட்டவும். நீங்க தலையாட்டறீங்க. அதுதான் முறைன்னு உங்களுக்குத் தெரியுது. எனக்கு அன்னிக்கு அது அபத்தமாத் தெரிஞ்சுச்சு. பழசு ஏற்கனவே உள்ளதானே உக்காந்திருக்கு, அதை எதுக்கு முதல்ல வெளிய எடுக்கணும்? புதுசா வந்தவனை வாசல்ல நிறுத்தி, சாமான் எல்லாம் அவன் கையில குடுத்துட்டு, அப்புறம்தானே உள்ள கூப்பிடணும்? மொழிபெயர்த்தவன் புதுசையும் பழசையும் மாத்திட்டான்னு முடிவு பண்ணிட்டேன். இடம் மாத்தறதுக்கு எங்க தொழில்ல ஒரு குறி உண்டு. பாம்பு மாதிரி வளைஞ்சு ஒரு வார்த்தைக்கு மேலயும் அடுத்ததுக்குக் கீழயும் போகும். அதைப் போட்டேன். அழகா வந்துச்சு. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன்.

பக்கத்தைத் திருப்புங்க. ஏழாவது படி அடுத்த பக்கத்துல மேல இருக்கு. வெளியில் இருப்பதிலிருந்து உள்ளே இருப்பதற்கு நகல் எடுக்கவும். அதை நான் தொடல. ஒரு இடத்தை மாத்தினா அது தொட்டுக்கிட்டிருக்கிற மத்த இடத்தையும் பாக்கணும்ங்கிறது எங்க தொழில்ல அரிச்சுவடி. ஒரு எழுத்தாளர் மூணாவது அத்தியாயத்துல செத்துப்போனவரை ஒம்பதாவது அத்தியாயத்துல காபி குடிக்க வச்சிருந்தார், நான்தான் பிடிச்சேன். அதைப் பிடிச்சவன் இதை விட்டுட்டேன்.

இப்பப் புரியுதா? என் திருத்தப்படி பழசு உள்ள, புதுசு வெளிய. கையேட்டுப்படி வெளியிலருந்து உள்ள. காலி டிஸ்க்கை எடுத்து நிறைஞ்ச டிஸ்க்கு மேல எழுதினேன்.

கேட்டுச்சும்மா, நல்லாக் கேட்டுச்சு. உள்ளே இருப்பதில் உள்ள அனைத்தும் அழியும், சம்மதமான்னு மூணு தடவை கேட்டுச்சு. மூணு தடவையும் இந்தப் புரோகிராமுக்கும் அதே மொழிபெயர்ப்பாளன்தான் போலன்னு நினைச்சுக்கிட்டு சம்மதம் குடுத்தேன். கல்யாணத்துல கூட ஒரு தடவைதான் கேட்டாங்க. அதுக்கப்புறம் தேவையானது மட்டுமா, ஒண்ணு விடாம முழுசாவான்னு கேட்டுச்சு. என்கிட்ட கேக்கற கேள்வியா அது? முழுசான்னு சொன்னேன். மூணு மணி நேரம் ஓடுச்சு. நூறு சதவீதம் முடிந்தது, பிழைகள் எதுவும் இல்லைன்னு வந்துச்சு. பிழை எதுவும் இல்லன்னு என் கையால முடிஞ்ச ஒரே வேலை அதுதான்.

இது ஞாயித்துக்கிழமை. அப்புறம் பழசைக் கழட்டிப் புதுசை உள்ள மாட்டினேன். அடியில பதினோரு திருகாணி, ரெண்டு மட்டும் நீளம் அதிகம். எது எங்கேன்னு தாள்ல படம் போட்டு வச்சிருந்தேன், ஒண்ணும் மாறல. பட்டனை அமுக்கினேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, துவக்குவதற்கு எதுவும் இல்லைன்னு.

திங்கக்கிழமை பூரா அதோட மல்லுக்கட்டினேன். சரியா உக்காரலையோன்னு கழட்டி மாட்டினேன். டிஸ்க் ஓரத்துல அந்தத் தங்க நிறப் பல்லு வரிசை இருக்கில்ல, அதை ரப்பரால துடைச்சேன். ரப்பர் மட்டும் எங்கிட்ட டஜன் கணக்குல இருக்கு. பட்டனைத் தட்டிக்கிட்டே ஆன் பண்ணினா செட்டிங் மாத்தற ஒரு நீலப் பக்கம் வருமே, அதுக்குள்ள போனேன். லேப்டாப் துவங்கறதுக்குப் பழைய முறை, புது முறைன்னு ரெண்டு இருந்துச்சு. பழைய முறையில வச்சேன், எதுவும் இல்லைன்னுச்சு. புது முறையில வச்சேன், அப்பவும் எதுவும் இல்லைன்னுச்சு. தேதி பத்து வருஷம் பின்னாடி இருந்துச்சு, அதைத் திருத்தினேன். அது ஒண்ணுதான் நான் சொன்னதைக் கேட்டுக்கிச்சு. எஸ்எஸ்டியே கோளாறு, கடைக்காரன் தலையில கட்டிட்டான்னு நினைச்சேன். மனசுக்குள்ள அவனைத் திட்டி ஒரு கடிதமே எழுதிட்டேன். கடிதம் நல்லா வந்திருந்துச்சு.

செவ்வாய்க்கிழமை மச்சானைக் கூப்பிட்டேன். அவளோட தம்பி, பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கறான். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இப்படி எஸ்எஸ்டி மாத்தினாராம், ஓடலையாம், என்ன பண்ணலாம்னு கேட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, அத்தான், அந்தத் தெரிஞ்சவர் காதுல பென்சில் வச்சிருப்பாரான்னு கேக்கறான். அப்புறம், பழைய டிஸ்க் பத்திரமா இருக்கில்ல, அதைத் திரும்ப உள்ள போடச் சொல்லுங்க, பழையபடி ஓடும்னான். எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அது எனக்கே தோணியிருக்கணும். பழசு மேல அவ்வளவு நம்பிக்கை, அதைச் சோதிக்கணும்னு ரெண்டு நாளா நினைக்கவே இல்ல. ஒரு வெள்ளைத் துணியில சுத்தி அலமாரியில வச்சிருந்தேன்.

புதன்கிழமை காலையில பழசைப் போட்டு பட்டனை அமுக்கினேன். துவக்குவதற்கு எதுவும் இல்லை. புதுசைப் பாத்துச் சொன்ன அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறல.

கண்ணாடியைக் கழட்டித் துடைச்சேன். அது சுத்தமாத்தான் இருந்துச்சு. அப்புறம் கையேட்டை எடுத்து முதல் பக்கத்துலருந்து, திருத்தத்தை விட்டுட்டு அச்சுல இருக்கிறதை மட்டும் படிச்சேன். ஆறாவது படியில என் பாம்பு படுத்திருந்துச்சு.

இன்னொரு தடவை மச்சானைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை தெரிஞ்சவர் கிஞ்சவர்னு எதுவும் சொல்லல. அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன் அத்தான், அது உங்க வேலைன்னான். அழிஞ்சதைத் தேடி எடுத்துக் குடுக்கிற இடம்னு உங்க கடைப் பேரையும் அவன்தான் குடுத்தான்.

புரியுது, புரியுது. நீங்க அப்பவே சொன்னீங்க. பழசு பெருசு, புதுசு அதுல பாதி. அதனால பழசுல முதல் பாதிதான் அழிஞ்சிருக்கும். கரும்பலகையில ஆள் கை எட்டின வரைக்கும் அழிச்சிருக்கான், எட்டாத இடத்துல ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கலாம். சரிதானே? அந்தக் கதை அந்தப் பக்கம் இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. அதுவும் புரியுது. நூத்துக்கு எவ்வளவுன்னு கேக்க மாட்டேன், நீங்க ஒரு எண் சொல்லுவீங்க, நான் அதைப் பிடிச்சுக்கிட்டு ராத்திரி பூரா தொங்கிக்கிட்டிருப்பேன்.

துண்டு துண்டாவா? அப்படின்னா? ஃபைலா வராது, இங்க ரெண்டு பத்தி அங்க நாலு வரின்னு பேர் இல்லாம வரும். வரட்டும்மா. எது முன்னாடி எது பின்னாடின்னு நான் பாத்துச் சொல்லிடறேன். அது எனக்குப் பெரிய வேலை இல்ல. வரிசை எனக்கு மனப்பாடமா...

ஆமா.

ஆமா, படிக்கக் கூடாதுன்னுதான் விதி. நானேதான் சொன்னேன். நல்லாக் கவனிக்கறீங்க, உங்களை அச்சகத்துல வச்சிருந்தா நான் முன்னாடியே வீட்டுக்குப் போயிருப்பேன்.

அவ இப்ப அவ அக்கா வீட்டுல இருக்கா. போய் அஞ்சு வாரம் ஆச்சு. போறப்ப மேஜை மேல ஒரு சீட்டு எழுதி வச்சுட்டுப் போனா. அக்கா வீட்டுக்குப் போறேன், சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, கொஞ்ச நாள் ஆகும்னு. நான் தூங்கி எழுந்து வந்து பாத்தேன். கையில பென்சில் இருந்துச்சு. கொஞ்ச நாளுங்கிறதுக்கு அடியில ஒரு கோடு போட்டு, ஓரத்துல எத்தனை நாள், ஆசிரியரைக் கேட்கவும்னு எழுதினேன். பழக்கம்மா. புரூஃப்ல தெளிவில்லாம ஏதாவது வந்தா அப்படித்தான் எழுதுவோம். எழுதி முடிக்கறேன், கதவு திறக்குது. கண்ணாடியை மறந்துட்டாளாம், தெருமுனை வரைக்கும் போனவ திரும்பி வந்திருக்கா. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டா. சீட்டைப் படிச்சா. மடிச்சுக் கைப்பையில வச்சுக்கிட்டா. பால் காய்ச்சி வச்சிருக்கேன், ஆறினதும் உள்ள வைங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டா. ஆசிரியர் எதிர்லயே நின்னா, நான் கேக்கல.

முதல் ரெண்டு வாரம் நான் தைரியமாத்தான் இருந்தேன். லேப்டாப்பை விட்டுட்டுப் போயிருக்காளே. ஆறு வருஷக் கதைய விட்டுட்டு எங்க போயிடப் போறா, ரெண்டு மணி ஆனா கை பரபரக்கும், தானா வருவான்னு. அப்புறம் ஒரு நாள் பசை தேடி அவ டிராயரைத் திறந்தேன். பச்சைக் கயிறு கட்டின ஒரு பென் டிரைவ் அதுல கிடக்கும். எழுதி முடிச்சதும் தினமும் கதைய அதுல ஏத்தி வைப்பா. அது இல்ல.

அன்னிக்குத்தான் திறந்தேன். கதை, ஃபைல் பேர் கதை. ரெண்டு மணியிலருந்து நாலு மணி வரைக்கும் மட்டும், அவ நாற்காலியில உக்காந்து. பென்சிலைக் கொண்டு போய்ச் சமையலறையில வச்சுட்டேன். இருநூறு பக்கத்துல பதினோரு தப்பு இருந்துச்சு, ஒண்ணைக் கூடத் தொடல. நல்லா எழுதியிருக்காம்மா. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல, எனக்கு நல்லா இல்லாததைச் சொல்லித்தான் பழக்கம். ஒரு ஆள் வர்றான் அதுல. காதுல பென்சில். பொண்டாட்டி பேசினா வாயைப் பாக்காம வார்த்தையைப் பாக்கறவன். கெட்டவன்னு எழுதல. குளிர் நாள்ல அவளுக்கு முன்னாடி எழுந்து வெந்நீர் போட்டு வைப்பான், அதையும் எழுதியிருக்கா. அவ தூங்கறான்னு நினைச்சுக்கிட்டுத்தான் நான் அதைச் செஞ்சேன்.

கடைசிக்கு முந்தின அத்தியாயத்துல அந்த ஆளோட பொண்டாட்டி ஒரு டிக்கெட் கவுண்டர் முன்னாடி நிக்கறா. உள்ள இருக்கிறவர் கேக்கறார், போக மட்டுமா, போய் வரவான்னு. அந்தக் கேள்வியோட அத்தியாயம் முடியுது. அடுத்தது கடைசி அத்தியாயம். நான் மூடியைப் பாதி இறக்கினேன். அப்புறம் முழுசா மூடிட்டேன். மறுநாள் காலையில கடை திறந்ததும் போய் அந்த எஸ்எஸ்டியை வாங்கிட்டு வந்தேன்.

அவளுக்காகத்தான் வாங்கினேன், இல்லன்னு சொல்லல. ஆனா லேப்டாப்பைப் பிரிச்சுப் போட்டுட்டா அதைத் திறந்து படிக்க முடியாதில்ல.

அதனால இப்ப அந்தக் கட்டத்துல ஆம்னு போட்டுக்கலாம். பிரதி இருக்கு. பத்திரமா அவகிட்ட இருக்கு. அவளுக்கு எதுவும் போகல. இல்லம்மா, ஒரே பிரதின்னு நான் எங்கேயும் சொல்லல, யோசிச்சுப் பாருங்க. அவளையே கேக்கலாம்தான். தினமும் பேசறோமே. மாத்திரை போட்டீங்களா, கேஸ் சிலிண்டர் வந்துச்சா, அக்காவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கு. அஞ்சு நிமிஷம். அதுல இதை எங்க வச்சுக் கேக்கறது? கேட்டா சொல்லிடுவா.

நீங்க கதைய முழுக்கப் படிக்க வேணாம். டிக்கெட்னு ஒரு வார்த்தையைப் போட்டுத் தேடுங்க. அது வர்ற துண்டு ஏதாவது கிடைச்சா, அந்தக் கவுண்டர்காரருக்கு அவ என்ன பதில் சொல்றான்னு மட்டும் பாருங்க. போக மட்டுமா, போய் வரவா. அவ்வளவுதான் எனக்கு வேணும்.

எங்க கையெழுத்து, இங்கயா? அந்த ரெண்டு தப்பு கிடக்கட்டும், விடுங்க. நம்பர் மேலயே எழுதியிருக்கேன். எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க, காலையில எட்டு மணிக்கு மட்டும் வேணாம். அப்ப அவ கூப்பிடுவா.